மாசும் தீட்டும்

மாசு என்னும் சொல்லை நாம் இரு வகையில் வழங்குகிறோம். 2019 மார்ச்சில் நம் ஜொகூரின் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினர். ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது கண்கூடான மாசு. பொறாமையை மனத்தின் மாசு என்பதும் பொருத்தமே. மனிதரையே மாசெனக் கருதும் ‘தீட்டு’ என்னும் சொல்லைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கவும் அது பலரைத் தடுத்தது. 1924-இல் பெரியார் முதலானோர் எதிர்த்துச் சிறை சென்றனர்.

செம்பனைத் தோட்டத்துச் சேறு சவர்க்காரத்தில் போய்விடும் (துவைக்கும் தாயின் கை நோவது வேறு). சென்ற ஆண்டு நம் மாணவன் ஒருவன் தோழனின் குவளையில் நீரருந்த மறுத்தான். காரணம் வினவினோம். “வீட்டில் கூடாது என்றார்கள், ஐயா” என்றான். பெற்றோரே, அப்பாடம் எங்கள் பாடநூலில் இல்லை.