பிளான் அலுமாரியைத் திறங்கள்

உங்கள் லயத்துக்கு வரும் தண்ணிக் குழாய் மேலே எந்த ஊற்றில் ஆரம்பித்து, எந்த நம்பர் மலைக்குள்ளால் இறங்கி வருகிறது என்று தெரிய வேண்டுமென்றால் யாரிடம் கேட்பீர்கள்? திம்புள்ளப் பக்கம் நான் கேட்டுப் பார்த்த தோட்டங்களில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "பழைய பைப்காரத் தாத்தாகிட்ட கேளுங்க." தாத்தா இல்லாத தோட்டத்தில் மண்வெட்டியிடம்தான் கேட்க வேண்டும். தோண்டினால் குழாய் கிடைக்கும், இல்லாவிட்டால் உடையும்.

இத்தனைக்கும் வெள்ளைக்கார துரைமார் நடத்திய தோட்டம் முழுக்க முழுக்கக் கடுதாசியில் நடந்த தோட்டம். லயம் கட்டினால் பிளான். ஸ்டோருக்கு மாடி ஏற்றினால் பிளான். ரோலர் பூட்ட, கான் வெட்ட, பாலம் போட, எல்லாத்துக்கும் பிளான். அவற்றில் மிஞ்சியவை எங்கே? கொஞ்சம் ஆபிஸ் அலுமாரியில் சுருட்டிக் கிடக்கு, கொஞ்சம் ஸ்டோர் மூலையில் பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு, மிச்சம் கொழும்பில் எந்தப் பெட்டியில் என்று பெட்டிக்கே தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான். பெருந்தோட்டக் கம்பனிகள் தங்களிடமுள்ள வரைபடங்களையெல்லாம் தேடி எடுக்கக்கூடிய ஒரு எளிய ஆவணக் காப்பகமாக ஆக்க வேண்டும். அதில் மக்கள் வாழும் இடத்தைப் பற்றிய பகுதியை அந்த மக்களுக்கே திறந்துவிட வேண்டும். "ஆர்ட்ஸ் பெகல்டி பிள்ளைக்கு இஞ்சினியர் வேலையில் என்ன பேச்சு?" என்று கேட்பீர்கள். அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது இஞ்சினியரிங் கேள்வி இல்லையே.

முதலில், இந்தக் காகிதங்கள் எத்தனை கை மாறின என்று பாருங்கள். லண்டனில் பதிவான கம்பனிகளின் தோட்டங்களை 1975இல் அரசு எடுத்தது. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் பிராந்தியக் கம்பனிகள் 22 உருவாகின, பிறகு 53 வருஷக் குத்தகை வந்தது. காணி ஒவ்வொரு முறையும் ஒரு கையெழுத்தில் மாறியது. ஆனால் பிளான் என்பது ஆள் தூக்கிக்கொண்டு போக வேண்டிய பொருள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அது உதிர்ந்து போவதைத் தடுக்க ஒரு பட்டியல்கூட இல்லையென்றால், என்ன தொலைந்தது என்பதையும் யாரும் சொல்ல முடியாது.

ஸ்டோருக்குள்ள போவோம். தேயிலை ஸ்டோர்களின் பழைய இயந்திரங்கள் பெல்பாஸ்டின் டேவிட்சன் கம்பனி செய்த சிரோக்கோ டிரையர்கள், கெயின்ஸ்பரோவின் மார்ஷல் கம்பனி செய்த ஜாக்சன் ரோலர்கள். அந்தக் கம்பனிகள் இன்று பழைய உருவில் இல்லை. ஒரு பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். வரைபடம் இருந்தால் முதலில் இருந்த அளவில் புதுசு செய்யலாம். இல்லையென்றால் தேய்ந்ததையே அளந்து அதைப்போல ஒன்று வார்க்க வேண்டும். அப்போது தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும். புதுச் சக்கரம் முதல் நாளே பழைய சக்கரம். நம்ம ஆட்கள் அந்த இயந்திரத்துக்குப் பயந்து ரோதமுனி என்று சாமியே வைத்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. கை போனது அவர்களுக்குத்தானே. பாதுகாப்புக் கூண்டு எங்கே இருக்க வேண்டும், பெல்ட் எங்கே ஓட வேண்டும் என்ற பிளான் அலுமாரியில் தூங்கினால் அந்த ஆபத்தும் கூடும்.

ஸ்டோரை விட்டு லயத்துக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா என்று மேடைதோறும் பேசுகிறோம். 7 பேர்ச் என்றார்கள், பிறகு 10 பேர்ச் என்றார்கள். உறுதி எழுத வேண்டுமானால் நில அளவைப் பிளான் வேண்டும். பழைய எல்லை, பழைய பாதை, தண்ணி வழி எல்லாம் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பழைய பிளான் ஒரு தரப்பிடம் மட்டும் இருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் மற்றத் தரப்பு என்ன பேசும்?

பேப்பர் இல்லை என்ற சொல் நமக்குப் புதுசா? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம பாட்டன், பூட்டனிடம் கேட்டதும் பேப்பர்தான். அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார், அத்தாட்சி எங்கே என்று கேட்டு, இல்லை என்றதும் நாடில்லாதவர்களாக ஆக்கினார்கள். காகிதம் இல்லாததால் அடிவாங்கிய சமூகம், தன் காலடியில் கிடக்கும் காகிதத்தைப் பற்றி இவ்வளவு அசட்டையாக இருக்கலாமா?

காகிதம் எங்கேயோ இருந்தால் மட்டும் போதாது, கைக்கு வர வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது, மக்கள் மண்ணுக்குள் போனார்கள். நம் பக்கத்திலும் சரிவுகளில் வெள்ளைக்காரன் காலத்துக் கான்கள் உண்டு. மழைத் தண்ணியை மலைக்குள் ஊற விடாமல் வெளியே கொண்டுபோக வெட்டியவை. எந்தக் கான் எங்கே போனது என்று தெரியாமல் அதன்மேல் மண் போட்டு, வீடு கட்டி, பாதை போட்டால் தண்ணி வேறு வழி தேடும். கான் பிளானும் மண்சரிவு அபாய வரைபடமும் ஒரே மேசையில் விரிய வேண்டும். விரிக்கும்போது தோட்டத்து ஆள் ஒருத்தராவது அங்கே நிற்க வேண்டும்.

"இதுக்கெல்லாம் கோடிக்கணக்கில் சொப்ட்வெயார் வேணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஒரு எக்செல் தாள் போதும். ஒரு வரைபடத்துக்கு ஒரு வரி. வரிசை நம்பர், தலைப்பு, டிவிசன், மலை நம்பர், எதைப் பற்றியது (கட்டடமா, இயந்திரமா, தண்ணியா, பாதையா), வரைந்தது யார், திகதி, எத்தனையாவது திருத்தம், மூலக் காகிதம் எந்த அலுமாரியில் எந்தத் தட்டில். ஸ்கேன் பைலுக்கும் அதே நம்பர்தான் பெயர். பெரிய தாளைச் சமமாக விரித்து, இரண்டு ஓரத்திலும் அடிமட்டம் வைத்து, பகுதி பகுதியாகப் படமெடுக்கலாம். படத்தில் அளந்து வேலை செய்யக்கூடாது, தாளில் எழுதியிருக்கும் இலக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்று ஒவ்வொரு பைலிலும் குறிப்பு. பழைய திருத்தத்தை எறியாமல் "பழையது" என்று குறித்து வைக்க வேண்டும். கையால் எழுதிய பிளானை இயந்திரம் சரியாக வாசிக்காது, ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். ஏ.எல். எழுதிவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் தோட்டத்தில் எத்தனை பேர்? சம்பளம் கொடுத்து அவர்களை உட்கார வையுங்கள்.

இங்கேதான் ஆர்ட்ஸ் பெகல்டிக்காரி எனக்கு வேலை இருக்கு. பட்டியலை ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் அது கம்பனிக்கு மட்டும்தான் தேடும். ஆபிஸ் தாளில் லோவர் டிவிசன், நமக்கு அது கீழ்க்கணக்கு. ஆபிசுக்கு கிரெஷ், நமக்குப் பிள்ளைக்காம்பரா. ஆபிசுக்குப் பெக்டரி, பாட்டிக்கு ஸ்டோரு. மலைகளுக்கும் அப்படித்தான். நம்பர் ஒரு பக்கம், கோயிலையும் மரத்தையும் பீலியையும் வைத்து மக்கள் சொல்லும் பெயர் இன்னொரு பக்கம். அந்தப் பெயர்களுக்குத் தனி நிரல் வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். மாடசாமி கோயில் மேட்டுக்கு மேலே போகும் குழாய் என்று ஒரு அக்கா தேடினால் சரியான தாள் வர வேண்டும். இதைச் செய்யாத காப்பகம் இன்னொரு அலுமாரிதான்.

கம்பனித் தரப்பு சொல்லக்கூடியது தெரிந்ததே: வியாபார இரகசியம், பாதுகாப்பு. சரி, இயந்திர வரைபடங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். லயம், தண்ணி, கான், பாதை, சரிவு, இதில் என்ன இரகசியம்? அதற்குள் தூங்கி எழும்புவது நாங்கள். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அரச நிறுவனங்களிடமும், அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகளிடமும் கேட்கலாம். மற்றக் கம்பனிகளிடம் அந்தக் கதவு லேசில் திறக்காது. அதனால்தான் குத்தகை நிபந்தனையிலேயே இதைச் சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். சம்பளப் பேச்சுக்குப் போகும் அதே கோப்பில் இதற்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

நம்ம ஆட்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். பாட்டு சேர்த்தோம், கூடை சேர்த்தோம், கவ்வாத்துக் கத்தி சேர்த்தோம், போட்டோ போட்டோம். நல்லதுதான். ஆனால் வரைபடம் துரையின் சாமான் என்று ஒதுக்கிவிட்டோம். அந்த லயத்தைக் கட்டியது யார்? கானை வெட்டியது யார்? துரை வரைந்தது ஒரு தாள், தோண்டியது நம்ம ஆட்கள். அந்த உழைப்பின் அளவு அடியிலும் அங்குலத்திலும் எழுதிக் கிடக்கும் ஒரே இடம் அந்தத் தாள்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன்னார்வலர்களை வைத்து ஆயிரக்கணக்கான தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றிக் காட்டிவிட்டது. முடியாது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

1992இலிருந்து கணக்காகும் 53 வருஷக் குத்தகை 2045இல் முடியும். அன்றைக்கு எங்களுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். இன்னொரு கைமாற்றம், இன்னொரு கையெழுத்து. அந்த மேசையில் காணியோடு சேர்த்து வரைபடப் பட்டியலும் இருக்க வேண்டும், அதன் ஒரு பிரதி தோட்டத்து வாசிகசாலையில் இருக்க வேண்டும். பூஞ்சணம் 2045 வரை காத்திருக்காது. இந்த மாசமே உங்கள் தோட்டத்து ஆபிசுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "எங்கள் லயத்தின் பிளான் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால், அதன் நம்பர் என்ன?"