வாசலில் ஒரு போர்டு மாட்டினால் என்ன?

உங்கள் தெருவில் எத்தனை குடோன் இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்?

சௌகார்பேட்டை, மண்ணடி வாசகர்கள் சிரிப்பார்கள். ‘குடோனை எண்ணுவதைவிட வீட்டை எண்ணுவது சுலபம் சார்’ என்பார்கள். அண்ணா நகர்க்காரரும் வேளச்சேரிக்காரரும் ‘எங்க ஏரியாவில் ஏது குடோன்?’ என்று கேட்பார்கள்.

இருக்கிறது. செல்போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் பாலும் பச்சை மிளகாயும் வீட்டு வாசலுக்கு வருகிறதே, ஸ்ரீபெரும்புதூரில் இருந்தா வருகிறது? பக்கத்துத் தெருவில், பாதி ஷட்டர் இறக்கிய ஒரு கட்டடத்தில் இருந்து வருகிறது. ‘டார்க் ஸ்டோர்’ என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஃபிளாட்டில் இடமில்லை என்று கட்டிலையும் பீரோவையும் மாத வாடகைக்கு எங்கோ வைத்துப் பூட்டிவிட்டு வருகிறோமே, அதற்குப் பெயர் ‘செல்ஃப் ஸ்டோரேஜ்’. நம்ம ஊர் பாஷையில் ரெண்டுமே குடோன்தான்.

குடோனே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குடோன் இல்லாத ஊரில் அரிசியும் கிடைக்காது, மருந்தும் கிடைக்காது. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பூட்டிய கதவுக்குள் என்ன இருக்கிறது என்பது சுவரை ஒட்டிக் குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா?

சென்னைக்கு இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது. வரைபடத்தில் கலர் கலராகப் பிரித்திருக்கிறார்கள். குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், அபாயகரமான தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர். நல்ல ஏற்பாடு. ஆனால், இந்த விதிகளின் கண் முழுக்கக் கட்டடத்தின் மீதே இருக்கிறது. ரோடு எத்தனை அடி, சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, எத்தனை மாடி, வண்டி எங்கே நிற்கும்? கட்டடம் கட்டிய இடத்தில் நிற்கும். சரக்கு அப்படி நிற்குமா? இன்று துணி மூட்டை. அடுத்த மாதம் பெயின்ட் தின்னர். தீபாவளிக்கு முன்னால் பட்டாசு. சுவர் அதே சுவர், வரைபடத்தில் கலரும் அதே கலர்!

சரி, விதியை மீறியே கட்டிவிட்டால்? அதற்கும் வழி செய்து கொடுத்தார்கள். 1998-ல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு, 2012-ல் 113-சி என்று இன்னொரு பிரிவு. கட்டணம் கட்டு, வரன்முறை செய்துகொள். கஜானாவுக்கு வரவு. ஆனால், தீக்கு ரசீது படிக்கத் தெரியாதே!

நான் பி.காம். படித்தவன். குடோன் என்றதும் எனக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர்தான் ஞாபகம் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்குமே தெரியாத ரகசியமா? இல்லவே இல்லை. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35-வது பிரிவைப் பாருங்கள். குடோன் நடத்துபவர் வரிக்குப் பதிவு செய்தவரோ இல்லையோ, சரக்கை யார் அனுப்பினார், யாருக்குப் போகிறது என்று கணக்கு வைத்தே ஆக வேண்டும். சரக்கின் பேரில் கடன் கொடுக்கும் வங்கி அதைவிடக் கெட்டி. ‘இங்குள்ள சரக்கு இன்ன வங்கிக்கு ஈடு’ என்று வாசலிலேயே போர்டு மாட்டச் சொல்லும். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ எளிதில் தீப்பிடிக்கும் சரக்கா என்று விசாரித்துவிட்டுத்தான் பிரீமியம் சொல்லும்.

ஆக, வரி கேட்பவருக்குத் தெரியும், வட்டி வாங்குபவருக்குத் தெரியும், பிரீமியம் வாங்குபவருக்கும் தெரியும். உயிரோடு பக்கத்தில் படுத்துத் தூங்குபவருக்கு மட்டும் தெரியாது. போட்ட பணத்துக்கு வாசலில் போர்டு உண்டு. உயிருக்குக் கிடையாது.

மிகைப்படுத்துகிறேனா? மணலியை நினைத்துப் பாருங்கள். 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 740 டன் அமோனியம் நைட்ரேட், அங்கே கன்டெய்னர் கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்தது. அதிகாரிகளுக்குத் தெரியும், ஃபைலுக்குத் தெரியும். மணலி மக்களுக்கு எப்போது தெரிந்தது? 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் இதே சரக்கு 2,750 டன் வெடித்து, 200 பேருக்கு மேல் செத்த பிறகு! ஐந்து வருஷம் கிடந்த சரக்கு, அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் லாரி ஏற ஆரம்பித்தது. நம் ஊரில் ஒரு கிடங்கைத் திறந்து காட்ட, லெபனானில் ஒரு நகரம் சிதற வேண்டியிருந்தது.

பழைய டாக்காவில் 2010 ஜூனில் நிம்தலி என்ற இடத்தில் தீ. வீடுகளோடு வீடுகளாக ரசாயனம் வைத்திருந்தார்கள். 120 பேருக்கு மேல் பலி. ரசாயன குடோன்களை ஊருக்கு வெளியே மாற்றுவோம் என்று அரசாங்கம் சொன்னது. 2019 பிப்ரவரியில் அதே பழைய டாக்காவின் சௌக்பஜாரில் மறுபடி தீ. குடியிருப்புக் கட்டடங்களில் மறுபடி ரசாயனம். சுமார் 70 பேர் பலி. முதல் தீ விபத்து என்றால் இரண்டாவதற்கு என்ன பெயர்?

‘என்ன வைத்திருக்கிறேன் என்று போர்டு மாட்டினால் திருடன் வருவான், போட்டிக்காரன் மோப்பம் பிடிப்பான்’ என்று வியாபாரிகள் சொல்வார்கள். அய்யா, பிராண்டும் விலையும் யார் கேட்டார்கள்? சரக்கின் வகை, அதிகபட்ச அளவு, தீப்பிடிக்குமா, எந்த அலுவலகம் லைசென்ஸ் தந்தது, ஆபத்து என்றால் எந்த போன் நம்பர். ஐந்தே வரி. ரசாயனம் ஏற்றிய டேங்கர் லாரியின் முதுகில் இப்படி ஒரு பலகையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? 1989-ம் வருஷ மோட்டார் வாகன விதி அது. பெரிய அளவில் அபாயகரமான ரசாயனம் வைத்திருப்பவர் சுற்றுப்புற மக்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் அதே 1989-ல் மத்திய அரசு விதி போட்டது. நகர்ந்து போகும் லாரி தன் வயிற்றில் இருப்பதைச் சொல்லும்போது, நகராமல் நிற்கும் குடோன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அபாயமான குடோன்களை ஊர் நடுவிலிருந்து மாற்றவே முடியாது என்பதும் சாக்கு. கொத்தவால் சாவடியே 1996-ல் கோயம்பேட்டுக்குப் போகவில்லையா?

இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026-ஐக் கணக்கில் வைத்துப் போட்டது. அடுத்தது 2046 வரைக்குமானது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 2022-ல் 5,904 ஆக விரித்தும்விட்டார்கள். அவ்வளவு இடத்துக்கும் கலர் அடிப்பதற்கு முன் இரண்டு வரியைச் சட்டத்தில் எழுதட்டும். ஒன்று, குடோனுக்கான அனுமதி கட்டடத்துக்கு மட்டுமல்ல, சரக்குக்கும் சேர்த்துத்தான். சரக்கின் வகை மாறினால் புது அனுமதி. இரண்டு, வாசலில் போர்டு. அதன் நகல் வார்டு அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தெருவில் ஒரு குடோன் இருந்தால், நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள். ‘உள்ளே என்ன இருக்கு அண்ணாச்சி?’ என்று மரியாதையாகவே கேளுங்கள். பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் லைசென்ஸ் கொடுத்த ஆபீஸில் கேளுங்கள்.

சரக்கு அவருடையது. சுவரும் அவருடையது. சுவருக்கு இந்தப் பக்கம் தூங்குகிற பிள்ளைகள் நம்முடையவர்கள்.