யவனர் சாடியும் மூங்கில் குழாயும்

மதுவைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதப் போகிறோம் என்றால் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கிரிவலம் வருவோர் ஆதி அண்ணாமலையாரைத் தொழுது செல்லும் ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதற்கு வேறு விஷயமா இல்லை என்று கேட்கவும் கேட்பார்கள். ஆனால், ஒரு தீமையைக் கண்டிக்க வேண்டுமானால் அதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொண்டு கண்டிப்பதே முறை. அந்தப் பூர்வோத்தரம் நம் ஊரைச் சுற்றியே கிடக்கிறது.

சமீபத்தில் பத்தாம் வகுப்பு மாணவ மாணவிகளை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குச் சென்றிருந்தோம். செஞ்சிக் கோட்டையையும் திண்டிவனத்தையும் தாண்டிச் செல்லும் பிரயாணம். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பார்க்கச் சென்றது கடற்கரையை அல்ல. அரிக்கமேட்டில் கிடைத்த பழம்பொருள்களை. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது அந்த மேடு. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு அது யவனக் கப்பல்களின் சரக்கு வந்து சேர்ந்த துறைமுகம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்தார். பின்னர் காஸால் என்ற பிரெஞ்சுக்காரரும், 1989 முதல் விமலா பெக்லி அம்மையாரும் அகழ்ந்தார்கள். அங்கே அகப்பட்டவற்றுள் முக்கியமானவை இரண்டு கைப்பிடி கொண்ட சாடிகளின் ஓடுகள். மண்ணுக்குள் கிடந்த அந்த ஓடுகளே ரோமாபுரிக்கும் தமிழகத்துக்கும் இருந்த உறவுக்குச் சாட்சியாக நிற்கின்றன.

சாடியின் அடிப்பாகம் நம் வீட்டுப் பானையைப்போல் உருண்டையாக இல்லை, கூராக இருக்கிறது. "தரையில் நிற்காத பாத்திரத்தால் என்ன பயன்?" என்று ஒரு பையன் கேட்டான். கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன் இடுக்கில் ஒன்றாக அடுக்குவதற்கும், கவிழ்த்து ஊற்றும்போது கீழே ஒரு கை கொடுத்துப் பிடிப்பதற்குமே அந்தக் கூர் அமைப்பு. ஒரு சாடி சுமார் 25 லிட்டர் கொள்ளும். மண் உறிஞ்சிவிடாமலிருக்க உட்புறத்தில் பிசின் பூசுவார்கள். கிரேக்கத் தீவாகிய கோஸ் முதலிய இடங்களிலிருந்தும், இத்தாலியிலிருந்தும் திராட்சை மது அவற்றில் வந்தது. கோஸ் தீவினர் தங்கள் மதுவில் கடல்நீரையே கலப்பது வழக்கமாம்! எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிப் புறப்பட்ட கப்பல்கள் இத்தனை பாடுபட்டு அதை இங்கே சேர்த்தன.

அந்த மதுவை வாங்கிக் குடித்தவர்கள் யார்? சாமானியர் அல்லர். பாண்டியன் நன்மாறனை வாழ்த்திய நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர அவன் பருகி இன்புறுவதைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அரண்மனைப் பொருள் அது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யவன மது வந்ததைக் கண்டு நாம் பெருமைப்படுவதற்கு இல்லை. பெருமைப்பட வேண்டியது அதே கப்பல் திரும்பும்போது ஏற்றிச் சென்றதைப் பார்த்துத்தான். மிளகு, முத்து, மெல்லிய துணி, அரிக்கமேட்டுக் கைவினைஞர் செய்த மணி வகைகள் எல்லாம் மேற்கே போயின. வருஷந்தோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமாபுரிப் பண்டிதர் பிளினி புலம்பினார். அந்நியச் சரக்குக்கு மயங்கிப் பொன்னை இழந்தவர்கள் அன்று அவர்கள். பிற்காலத்தில் அந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்தவர்கள் நாமே என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யவனச் சாடி அரண்மனைக்கு வந்ததென்றால், குடிசையில் என்ன இருந்தது? அதற்கு விடை நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடி அண்ணாமலைக்கு மேற்கே செங்கம். அந்தச் செங்கத்தை ஆண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். பரிசில் நாடிப் போகும் கூத்தர்களுக்கு வழியில் மலைவாசிகள் செய்யும் உபசாரத்தைச் சொல்லும்போது, மூங்கில் குழாயில் ஊறி முதிர்ந்த தேன் மதுவையும் சொல்கிறார் புலவர். சாடியுமில்லை, கப்பலுமில்லை, வீட்டார் தாங்களே செய்து, வந்த விருந்தினருக்கு விலையின்றிக் கொடுத்தது. வள்ளுவரோ அரண்மனைக் கிண்ணத்துக்கும் மூங்கில் குழாய்க்கும் வித்தியாசம் பாராட்டவில்லை. 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துவிட்டார். புலவர் பாடியதும் நம் இலக்கியம். வள்ளுவர் விலக்கியதும் நம் இலக்கியம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

வீட்டளவில் மது செய்யும் மரபு மேல்நாட்டில் இன்னும் அழியாமலிருக்கிறது. ஸ்பெயின் தேசத்தில் ஹாரோ என்ற ஊரில் லோபெஸ் தே எரெதியா என்னும் குடும்பத்தார் 1877-இல் தொடங்கிய மதுச்சாலையைச் சந்ததியாரே இன்றளவும் நடத்தி வருகிறார்கள். பீப்பாய்களைத் தங்கள் பட்டறையிலேயே செய்கிறார்கள். நிலவறையில் சிலந்தி வலையைக்கூடக் கலைப்பதில்லை. தக்கையைத் துளைக்கும் பூச்சியைச் சிலந்தி தின்றுவிடுமல்லவா? கறுப்புத் திராட்சையின் சாற்றில் நிறம் மிகக் குறைவு. தோலோடு சேர்த்துப் புளிக்க விடுவதால்தான் செம்மை ஏறுகிறது. அப்படிச் செய்த சிவப்பு மதுவை வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் வைத்துப் பொறுமையோடு காத்திருக்கிறார்கள். குடியை ஒப்பாதவர்களும் அந்தக் குடும்பத்தின் தொழிற்பக்தியை மெச்சாமலிருக்க முடியாது.

நம் நாட்டில் நடந்தது வேறு கதை. பனையும் தென்னையும் ஏறிக் குடும்பம் குடும்பமாகச் செய்துவந்த தொழிலை ஆங்கில ஆட்சி ஆப்காரி இலாகாவின் கையில் ஒப்படைத்தது. 1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கடைகள் ஏலம் போயின. இறக்கியவன் கூலியானான், ஏலம் எடுத்தவன் பணக்காரனானான், சர்க்கார் பொக்கிஷம் நிரம்பியது. குடிப்பவன் அதிகம் குடித்தால் மூவரில் இருவருக்கு லாபம் என்ற ஏற்பாடு அன்று ஏற்பட்டது. மதுவின் கேடு பெருங்கேடாக வளர்ந்தது அந்த ஏற்பாட்டினாலேயே என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவேதான் கள்ளுக்கடை மறியல் சுதந்திரப் போரில் ஒரு பகுதியாயிற்று. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் வீதிக்கு வந்து மறியல் செய்தார்கள். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்தது. 1939 அக்டோபரில் நம் வட ஆர்க்காடு ஜில்லாவுக்கும் அது வந்தது. திருவண்ணாமலை அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. வருமானம் குறையுமே என்றவர்களுக்குப் பதிலாக அதே 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1983-இல் சர்க்காரே மதுவுக்கென ஒரு கழகம் ஏற்படுத்தி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தி வருகிறது. கடையை மூடுவதால் வரும் நஷ்டத்தை ஈடுசெய்யப் பிறந்த வரி வேறு வேறு பெயர்களில் நிலைத்துவிட்டது. மூடிய கடையும் திறந்துவிட்டது! ஜனங்கள் இரண்டையும் கொடுக்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏறக்குறைய வருஷம் முழுவதும் காய்க்கும் அருமையான பழம். விலை சரியும்போதெல்லாம், அங்கே மதுச்சாலை வைத்தால் விவசாயி பிழைப்பான் என்ற பேச்சு எழுகிறது. விவசாயியின் கஷ்டம் உண்மையானது; அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் குளிர்பதனக் கிடங்கும், உலர்திராட்சையும், பழரசமும் போதிய அளவு முயன்று பார்க்கப்பட்டனவா என்பதை முதலில் கேட்க வேண்டும். அப்படியும் மதுச்சாலை வேண்டுமென்றால், அதன் லாபம் தோட்டக்காரனுக்கா, மறுபடியும் ஏலக்காரனுக்கும் பொக்கிஷத்துக்குமா என்பதை அடுத்துக் கேட்க வேண்டும். 1886-இல் கேட்கத் தவறிய கேள்வி இது.

புதுச்சேரியில், சாடியின் ஓட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, "ஸார், ராஜா குடித்ததைப் புலவர் பாடினார். ராணி என்ன நினைத்தாள் என்று யாராவது பாடியிருக்கிறார்களா?" என்று கேட்டாள். கூட இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. அவர்களில் சிலருடைய வீடுகளின் நிலைமை நமக்குத் தெரியும். "அந்தப் பாட்டை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தாம்" என்று மட்டும் சொன்னோம்.

யவனச் சாடியைப் பற்றிப் பேசும் சரித்திரப் புத்தகங்கள் பல உண்டு. குடியினால் கலைந்த குடும்பங்களின் சரித்திரத்தை மட்டும் யாரும் அகழ்ந்து எடுக்கவில்லை. அதற்கு மண்வெட்டி வேண்டாம். பக்கத்து வீட்டில் பேசினாலே போதும். நேயர்கள் தங்கள் ஊரில் கடை வந்த வருஷத்தையும், அதன் பின் நின்றுபோன பிள்ளைகளின் படிப்பையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.