புள்ளி விவகாரம்

‘தெரியவில்லை’ என்ற ஒரு சொல்லைச் சொல்ல நம்மவர்களுக்கு ஏன் இத்தனை கூச்சம் என்று எனக்கு வெகு நாளாக ஆச்சரியம். கடன் கேட்கக் கூசாதவர்கள், பொய் சொல்லக் கூசாதவர்கள்கூட இந்தச் சொல்லுக்குக் கூசுகிறார்கள். மின்னலைப் பிடித்த படமொன்றில் கடுகளவு சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சில புள்ளிகள் விழுந்திருந்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ஒரு கட்சி, “ஆவி! தெய்வச் செயல்! வேற்றுக் கிரகத்து விமானம்!” என்கிறது. மற்றக் கட்சி, “காமிராக் கோளாறு, அழித்துத் தள்ளு!” என்கிறது. முதல் கட்சியைப் பாமரத்தனம் என்றும் இரண்டாவதைப் பகுத்தறிவு என்றும் சொல்லுவது வழக்கம். என் வழக்கு இரண்டு கட்சிகளின் மீதும்தான்.

மின்னல் எந்த நிமிஷத்தில் வெட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் அதைப் படம் பிடிப்பவர்கள் காமிராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை 10 விநாடி, 20 விநாடி, 30 விநாடி என்று திறந்தே வைத்துக் காத்திருப்பார்கள். அதற்குள் மின்னல் வந்தால் தன் படத்தைத் தானே எழுதிக்கொண்டு போகும். வராவிட்டால் மறுபடியும் காத்திருப்பு. தூண்டில் போடுகிறவனின் பொறுமை வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அந்தப் பொறுமை இருந்தது. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவன். ஐப்பசி மழையில் ஒரு நாள் மொட்டைமாடியில் நின்று அருமையான மின்னல் ஒன்றைப் பிடித்துவிட்டான். ஆனால் படத்தில் எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே இரண்டு சிவப்புப் புள்ளிகள், சற்றுத் தள்ளி ஒரு நீலம், ஒரு பச்சை. அந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு முன்புதான் சாவு விழுந்திருந்தது. போனவர் இளம் வயதுக்காரர். மனைவியும் கைக்குழந்தையும் மிச்சம். படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிற்று. மூன்றாம் நாள், “உன் புருஷன் இன்னும் சாந்தி அடையவில்லை அம்மா” என்று சொல்ல அந்தப் பெண்ணிடம் ஆள் வந்துவிட்டது. பரிகாரத்துக்குத் தொகையும் சொன்னார்கள். அவள் கழுத்தில் மிஞ்சியிருந்த ஒற்றைச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. என் காதுக்கு விஷயம் வந்தபோது, அது போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

இது முதல் கட்சியின் கைங்கரியம். இரண்டாம் கட்சியின் லட்சணத்தையும் கேளுங்கள். பையன் தன் மாமாவிடம் ஓடினான். அவர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர். படத்தைப் பாதிகூடப் பார்க்காமல், “தூசுடா! அழிச்சுட்டுப் படிக்கிற வேலையைப் பார்” என்றார். “தூசு என்றால் இந்த மூன்று நிறம் மட்டும் ஏன் மாமா? மஞ்சள் இல்லை, ஊதா இல்லையே?” என்று கேட்டான் பையன். “அதிகப்பிரசங்கி” என்ற பட்டம்தான் பதிலாகக் கிடைத்தது. அந்தத் தெருவிலேயே அன்றைக்கு உருப்படியான கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்தான்!

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. கல்லூரிப் படிப்பை முடிக்காத நானே தேடிப் படித்துப் புரிந்துகொள்ளும்படியான விடைதான். இன்றைய காமிராவுக்குள் பிலிம் கிடையாது. ஒரு சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான குட்டிக் கட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டங்களுக்கு வெளிச்சம் எவ்வளவு என்று மட்டுமே தெரியும், நிறம் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வர்ணக் கண்ணாடியைப் போட்டிருக்கிறார்கள். நாலு கட்டங்களில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். கோடாக் கம்பெனியில் இருந்த பிரைஸ் பேயர் என்பவர் இந்த ஏற்பாட்டுக்கு 1976-ல் காப்புரிமை பெற்றார். சில்லில் வெளிச்சமே படாவிட்டாலும், வெறும் சூட்டினால் எலெக்ட்ரான்கள் கசிந்துகொண்டிருக்கும். ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி சூடு ஏறினால் கசிவு இரட்டிப்பாகும். சில கட்டங்களில் பிறவியிலேயே கசிவு அதிகம். 30 விநாடி திறந்து வைத்தால் அவை நிரம்பித் தளும்பி, தத்தம் தலையில் உள்ள கண்ணாடியின் நிறத்திலேயே புள்ளியாகத் தெரிகின்றன. அதனால்தான் இந்த மூன்று நிறம்!

அப்படியானால் மின்னல் படத்தில் மாத்திரம் ஏன் அதிகம்? இதற்கு வேற்றுக் கிரகம் வரை போகவேண்டாம். பல காமிராக்களில் இதற்குப் பரிகாரம் உள்ளேயே இருக்கிறது. 30 விநாடி படம் எடுத்ததும், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு 30 விநாடி இருட்டுப் படம் எடுக்கும். அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடும். ஆனால் அந்த 30 விநாடியும் காமிரா குருடு. அடுத்த மின்னல் அப்போது வெட்டினால் போனது போனதுதான். எனவே மின்னல் பிடிக்கிறவர்கள் அந்த வசதியை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். புள்ளிகள் தங்கிவிடுகின்றன.

நானும் பையனும் சோதித்தோம். அதே மாதிரிப் புழுக்கமான இரவு, அதே காமிரா, அதே 30 விநாடி. கண்ணுக்கு மூடி மாட்டி எடுத்தோம். கூரையும் இல்லை, வானமும் இல்லை, மின்னலும் இல்லை. கன்னங்கரிய படத்தில் சிவப்பு இரண்டும் நீலம் ஒன்றும் அதே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஒரு மூடியும் 30 விநாடியும் செலவழிக்க யாராவது முன்வந்திருந்தால் அந்தச் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

பச்சை மட்டும் வரவில்லை. பத்துத் தடவை எடுத்தும் வரவில்லை.

இங்கேதான் இரண்டு கட்சிகளும் குதிக்கும். “பார்த்தீரா!” என்று ஒன்று. “அதுவும் ஏதோ கோளாறுதான்” என்று மற்றொன்று. ஆகாயத்திலிருந்து மியூவான் என்ற நுண்துகள்கள் ஓயாமல் பொழிகின்றன. உள்ளங்கையை விரித்தால் விநாடிக்கு ஒன்றாவது அதன் வழியே போகும். அவற்றில் ஒன்று சில்லைத் தைத்தாலும் ஒரு தடவை மட்டும் புள்ளி விழும். பச்சைப் புள்ளி அதுவாக இருக்கலாம். ஆனால் ‘இருக்கலாம்’ வேறு, ‘இருக்கிறது’ வேறு. நிரூபிக்க என்னிடம் வழி இல்லை. ஆகவே, தெரியவில்லை. சொல்லிவிட்டேன், குடி முழுகிவிடவில்லை.

மியூவானை அற்பம் என்றும் நினைக்கவேண்டாம். நம் ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தார் அந்தத் துகள்களை இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2014 டிசம்பர் 1-ந் தேதி ஓர் இடிமேகம் கடந்தபோது எண்ணிக்கை சற்றே குறைந்தது. அதை மெனக்கெட்டுக் கணக்குப் போட்டு, மேகத்துக்குள் ஏறக்குறைய 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததென்று 2019-ல் வெளியிட்டார்கள். ‘கருவிக் கோளாறு’ என்று தள்ளியிருந்தால் அந்தக் கணக்கு ஏது?

அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜான் விங்க்ளரும் அவர் கூட்டத்தாரும், 1989 ஜூலையில், ராக்கெட் சோதனை ஒன்றுக்காக மங்கிய ஒளியையும் காட்டும் டெலிவிஷன் காமிராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்து இடிமேகத்துக்கு மேலே இரண்டு ஒளித் தூண்கள் தற்செயலாக அதில் பதிந்தன. இடிமேகத்துக்கு மேலே விநோத வெளிச்சம் கண்டதாக விமானிகள் சொன்னதை அதுவரை பெரிதாக எடுத்துக்கொண்டவர் குறைவு. இத்தனைக்கும் மேலே அப்படி நடக்கக்கூடும் என்று ஸி. டி. ஆர். வில்ஸன் 1920-களிலேயே எழுதியிருந்தார்! கண் சிமிட்டும் நேரம்கூட நிலைக்காத அந்தச் செந்நிற ஒளிக்கு இப்போது ‘ஸ்பிரைட்’ என்று பெயர். விங்க்ளர் அந்த ஒளியை ஆவி என்று கும்பிடவும் இல்லை, அழுக்கு என்று துடைக்கவும் இல்லை. இன்னதென்று பார்த்தார், அவ்வளவுதான்.

புள்ளியைக் கும்பிடுகிறவனும் புள்ளியை அழிக்கிறவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: இருவருமே அதைப் பார்ப்பதில்லை. முதலாமவன் ஏழையின் சங்கிலியைப் பறிக்கிறான். இரண்டாமவன் பிள்ளையின் கேள்வியைப் பறிக்கிறான். சங்கிலியையாவது வட்டி கட்டி மீட்கலாம். அந்த வயதில் அடங்கிப்போன கேள்வியை எந்தக் கடையில் மீட்பது? வீட்டில் பிள்ளை ஒரு படத்தைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், “தெரியவில்லை, மூடியை எடுத்து வா, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அதனால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.