வில்லு வெடிப்பது வெட்டிய அன்றைக்கே



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பத்துப் பதினைந்து வயதுப் பெடியன்கள் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

போன கிழமை என் வகுப்புப் பெடியன் ஒருவன் புருவத்தில் தையலோடு வந்தான். தானே செய்த வில்லு. காங்கேசன்துறையில் விடுவிக்கப்பட்ட வளவொன்றைத் துப்புரவாக்கும்போது வெட்டிப்போட்ட புளியங்கொப்பை எடுத்து, ஒன்பது நாள் தகரக் கூரையில் காயப்போட்டிருக்கிறான். மூன்றாவது இழுவையில் அது பிளந்து மேல்துண்டு முகத்தில் அடித்தது. ஓர் அங்குலம் கீழே பட்டிருந்தால் கண்.

உடனே, பிள்ளைகள் வில்லுச் செய்வதையே நிறுத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறுத்தச் சொன்னால் ஒளித்துச் செய்வார்கள், இன்னும் அவசரமாகச் செய்வார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நபி (ஸல்) அவர்கள் அம்பெய்யப் பழகச் சொன்னதைக் கேட்டு வளர்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இராமனும் அருச்சுனனும் இருக்கிறார்கள். இந்த ஆசையைத் தடைபோட்டு அழிக்க முடியாது. அந்தப் பெடியனின் பிழை வில்லுச் செய்தது அல்ல, தகரத்தில் போட்டதுதான்.

வெயிலில் போட்டால் கெதியாகக் காயும், கெதியாகக் காய்ந்தால் நல்லது என்று பெரியவர்களே நினைக்கிறோம். விறகுக்கு அது சரி. பச்சை மரத்தில் ஈரப்பதன் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். வெயிலில் வெளித்தோற்றம் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே இன்னும் ஈரம், அது சுருங்க விடாது. அந்த இழுபறியில்தான் வெடிப்பு. அதோடு, மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் நடுச்சோற்றோடு உருளையாக விட்ட கொப்பு எங்காவது ஓரிடத்தில் வெடித்தே தீரும். நிழலில் வைத்தாலும் அநேகமாக அப்படித்தான்.

ஆகவே முதல் வேலை, வெட்டிய அன்றைக்கே கோடாலியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பது. இரண்டாவது, அதுவும் அன்றைக்கே, இரண்டு வெட்டுமுகங்களையும் மூடுவது. மரத்தின் ஈரம் பக்கங்களால் போவதைவிட வெட்டுமுகத்தால் பல மடங்கு வேகமாகப் போகும். மிச்சமிருக்கும் பெயின்ற், மரப்பசை, உருக்கிய மெழுகுதிரி எதுவும் போதும், தடிப்பாகப் பூசுங்கள். நாளைக்குப் பூசலாம் என்று விட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதற்குள் தொடங்கிவிடும். தேவையானதைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக வெட்டினால், நுனி வெடித்தாலும் அறுத்தெறியலாம்.

பட்டையை விட்டால் உளுத்துப்போகும் பயம், உரித்தால் முதுகுப் பக்கம் வெடிக்கும் பயம். நான் உரிக்கச் சொல்வேன், உரித்த முதுகிலும் பசை பூசச் சொல்வேன். பிறகு வில்லின் உருவத்துக்குப் பருமட்டாகச் சீவி, கோணாமல் நேரான பலகையோடு கட்டி, நிழலில் வையுங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்று மரவேலைக்காரர் கணக்குச் சொல்வார்கள். சீவி வைத்தால் அவ்வளவு காலம் பிடிக்காது, சில மாதங்கள் போதும். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்றுக்கு முகம் கொடுத்து வைக்காதீர்கள், எங்கள் கரையில் அந்தக் காற்று வெயிலுக்குக் குறைந்ததல்ல. கிழமைக்கு ஒருதரம் தராசில் நிறுத்துச் சுவரில் எழுதட்டும். நிறை இறங்குவது நிற்கும்வரை நாண் கட்டக் கூடாது. என் விஞ்ஞானப் பாடத்தில் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதைவிட இது நல்ல பரிசோதனை.

ஒரு விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெடிப்புக் கண்ட வில்லுக்குப் பசையும் மரத்தூளும் அடைத்துப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். ஓட்டை மறையும், பலம் வராது. குறுக்கே சரிந்து ஓரத்துக்கு ஓடும் வெடிப்பென்றால் அடுப்புக்குத்தான். வெடிப்பே இல்லாத புது வில்லையும் முதலில் நிலத்தில் கிடத்தி, கயிறு கட்டித் தள்ளி நின்று இழுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் புதுக்கதையும் அல்ல. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏறும் பட்டங்களில் கூவும் விண்ணும் ஒரு வில்லுத்தானே! பச்சைத் தடியில் விண் கட்டினால் வளைவு நிற்காது, நாடா தொய்யும், கூவாது. அதனால் விண் கட்டுகிறவர்கள் தடியைப் பொறுமையாகப் பதப்படுத்துகிறார்கள். பட்டத்துக்குக் காட்டும் அந்தப் பொறுமையைப் பிள்ளை முகத்துக்கு நேரே பிடிக்கும் வில்லுக்கு ஏன் காட்டக் கூடாது?

இப்போது எங்கள் வகுப்பறை விட்டத்தில் ஐந்து தடிகள் கிடக்கின்றன. ஒன்றுக்கு ஒரு முனையில் பூச மறந்துவிட்டோம். நாலாம் நாளே அந்த முனையில் விரல் நீள வெடிப்பு. பெடியன்கள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். தையல் போட்டவனும்தான்.

காங்கேசன்துறை, மயிலிட்டிப் பக்கம் விண் கட்டத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாடசாலைக்கு வந்து காட்டித் தாருங்கள். ஜும்ஆவுக்கு முன் முடித்துவிடலாம். தேத்தண்ணி என் பொறுப்பு.