கடற்பயணிகளின் உயிருக்குப் பொறுப்பாவார் யார்?

கடலுக்குச் சேய்மையில், திருவண்ணாமலையினின்று செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது எம்மூராகிய கீழ்பென்னாத்தூர். அச்சாலையில் பேருந்து விபத்துக்குள்ளாகி ஒருவர் இறப்பின், ஓட்டுநரின் பிழையை மெய்ப்பிக்காமலே அவர் குடும்பத்தார் 5 இலட்சம் ரூபாய் பெறுதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்துள்ளது. புகைவண்டி விபத்திற்கும் 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் அங்ஙனமே விதித்தது. அவ்வூரார் கப்பலேறிச் சென்று கடலில் மாண்டால் நிலைமை யாது?

முற்காலத்து ஆங்கிலச் சட்டத்தில், காயமுற்றவன் வழக்காடலாம். இறந்தவன் பொருட்டு அவன் மனைவி மக்கள் வழக்காட வழியில்லை. 1846-இல் இங்கிலாந்திலும் 1855-இல் இந்தியாவிலும் தனிச் சட்டங்கள் தோன்றி அக்குறையை நீக்கின. எனினும், பிறர் குற்றத்தாலோ அசட்டையாலோ இறப்பு நேர்ந்ததென நாட்டும் சுமை வழக்காடுவோர் தலையிலேயே வைக்கப்பெற்றது.

சிங்கப்பூர்–சென்னை வழியில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ என்னும் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றி ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துகளில், நடுக்கடலில் எக்கருவி பழுதுற்றது, எவர் கடமை தவறினார் என்பவற்றைக் கரையிலுள்ள கைம்பெண் எங்ஙனம் அறிவாள்? கப்பலின் ஏடுகளும் மாலுமிகளும் கப்பலுடையார் வசத்தன அல்லவா? அறியவல்லாரை விடுத்து அறியமாட்டாரிடம் சான்று கேட்டல் முறையன்று.

கடல் இடர் மிக்கது. எல்லையற்ற பொறுப்பு வாணிகத்தை அழிக்கும் என்பர் சிலர். பொறுப்பிற்கு எல்லை வகுத்தலை யாமும் மறுக்கிலோம். 1974-ஆம் ஆண்டின் ஏதென்ஸ் உடன்படிக்கையும், அதனைத் திருத்தி 2014-இல் நடைமுறைக்கு வந்த 2002-ஆம் ஆண்டு நெறிமுறையும் நடுவுநிலை வழியைக் காட்டுகின்றன. கப்பல் மூழ்குதல், மோதுதல், தீப்பற்றுதல் முதலியவற்றால் பயணி இறப்பினும் காயமுறினும், பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 2,50,000 வரை, குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே கப்பலுடையார் பொறுப்பாவர். போர், தடுத்தற்கரிய இயற்கைச் சீற்றம் முதலியன விலக்காம். அதற்குமேல் 4,00,000 வரை, தம்மீது குற்றமின்மையை அவரே மெய்ப்பித்தல் வேண்டும். பன்னிருவர்க்கு மேல் ஏற்றும் உரிமை பெற்ற கப்பல்களுக்குக் காப்பீடும் கட்டாயமாம். ஆகவே ஒரு விபத்தால் வாணிகம் அழியுமென்னும் அச்சம் பெரிதும் நீங்குகின்றது.

நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023-இல் மீண்டும் தொடங்கப்பெற்றது. இனிச் செல்வோர் பலராவர். ஆதலின் இந்தியா இந்நெறிமுறையில் இணைதல் வேண்டும். உள்நாட்டுக் கடற்பயணத்திற்கும் அதனை விரித்தல் வேண்டும். தரையிற் செல்வார்க்கு அளித்த நீதியைக் கடலிற் செல்வார்க்கு மறுத்தல் அறமாகாதென்பது எம் துணிபு.