மௌனம் சம்மதம் இல்லை. ஆனால் மௌனத்துக்குக் காசும் இல்லை

ஹனோவரில் அதிவேக ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் வொல்ஃப்ஸ்பூர்க். வொல்க்ஸ்வாகனின் தலைமையகம் அங்கேதான். எங்கட நகரத்திலேயே, ஸ்டோக்கனில், அதே நிறுவனத்தின் வான் தொழிற்சாலை இருக்கிறது. ஆகவே 2015 செப்டெம்பரில் டீசல் மோசடி வெளிவந்தபோது, அது எங்களுக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. சோதனை நடக்கும்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வண்டிக்குள் வைத்து விற்றிருந்தார்கள்.

அமெரிக்காவில் அடுத்த வருடமே 1,470 கோடி டொலர் வரையிலான இணக்கம் ஏற்பட்டது. இங்கே? 2018 ஜூனில் பிரவுன்ஷ்வைக் அரச வழக்குத் தொடுநர்கள் 100 கோடி யூரோ தண்டம் விதித்தார்கள். அந்தக் காசு நீடர்சக்சன் மாநிலத் திறைசேரிக்குப் போனது. வண்டி வாங்கினவரின் கைக்கு அதில் ஒரு சதமும் வரவில்லை.

அவர்களுக்குக் காசு வந்தது இன்னொரு வழியால். 2018 நவம்பர் 1 ஆம் திகதி கூட்டு வழக்குக்கான புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு, ஏ.டி.ஏ.சி. வாகன ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு, வொல்க்ஸ்வாகனுக்கு எதிராக வழக்குப் போட்டது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். 2020 பெப்ரவரி 28 இல் 83 கோடி யூரோவுக்கு இணக்கம். ஏறத்தாழ 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு, வண்டியின் வகையையும் வயதையும் பொறுத்து, ஆளுக்கு 1,350 முதல் 6,257 யூரோ வரை.

பதிந்தவர்கள் எல்லாருக்கும் அது கிடைக்கவில்லை. 2016 க்கு முன் வாங்கியிருக்க வேண்டும், வாங்கியபோது ஜேர்மனியில் வசித்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருந்தன. ஆனால் பதியாதவருக்கு இந்த 83 கோடியில் எதுவும் இல்லை. அவர் தனியாக வழக்காட வேண்டியிருந்தது, அதற்கும் காலம் ஓடிக்கொண்டிருந்தது. 2015 இலேயே விசயம் தெரிந்திருந்தவரின் உரிமை 2018 முடிவோடு காலாவதியாகிவிட்டது, 2019 இல் வழக்குப் போட்டது பிந்திவிட்டது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரத்துக்குப் பதிந்திருந்தால் அந்தக் கடிகாரம் நின்றிருக்கும்.

எங்கட ஆக்களிட்ட இதைக் கதைத்தால் வருகிற பதில் எனக்குப் பாடம். “அஞ்சு யூரோவுக்கு ஆர் கோடேறுறது?” “இருக்க இடம் தந்த நாடு, நமக்கேன் வம்பு?” கோடு கச்சேரி ஏறாமல் வாழ்வதே மானம் என்று வளர்ந்த தலைமுறை அது. அரச கந்தோரின் கடிதம் என்றாலே நெஞ்சு இடிக்கும். அந்தப் பயத்தை நான் நையாண்டி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தில் ஆதாயம் காண்பது யார் என்று கேட்க வேண்டும்.

ஐந்து யூரோ சின்னக் காசுதான். வோடபோன் 2023 இல் வீட்டு இணைய இணைப்புகளின் கட்டணத்தை மாதம் 5 யூரோ கூட்டியது. ஒரு வீட்டுக்கு வருடம் 60 யூரோ. இலட்சம் வீடுகள் என்று வைத்துக்கொண்டால் வருடம் 60 இலட்சம். இந்த உயர்வு செல்லாது என்று நுகர்வோர் கூட்டமைப்பு ஹம் மேல்நீதிமன்றத்தில் கூட்டு வழக்குத் தொடுத்தது. தனி ஒருவர் 60 யூரோவுக்குச் சட்டத்தரணி பிடிக்க மாட்டார் என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டு வழக்கு உடைப்பது அந்தக் கணக்கைத்தான்.

‘மௌனம் சம்மதம்’ என்பது எங்கட பழமொழி. வாடிக்கையாளர் பேசாமல் இருந்தால் கட்டண உயர்வுக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வோம் என்று வங்கிகளும் விதி எழுதி வைத்திருந்தன. 2021 ஏப்ரல் 27 இல் போஸ்ட்பாங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குப் பிறகும் பேசாமல் இருந்தவரின் கணக்குக்குக் காசு தானாக நடந்து வரவில்லை. கேட்டவருக்குத்தான் வழி திறந்தது.

இப்போது வழி முன்பைவிட இலகு. 2023 ஒக்டோபர் 13 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, தகுதி பெற்ற நுகர்வோர் அமைப்பு நேரடியாகவே நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். நீங்கள் செய்ய வேண்டியது, பொன் நகரில் உள்ள கூட்டாட்சி நீதி அலுவலகத்தின் வழக்குப் பதிவேட்டில் இணையம் வழியாகப் பதிவது. பதிவு இலவசம். சட்டத்தரணி தேவையில்லை, நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று யாரும் கேட்பதில்லை. வாய்மொழி விசாரணை முடிந்து 3 கிழமை வரை பதியலாம், விலகவும் அதுவரை முடியும். 10 பேருக்குக் குறைவானோர் வேலை செய்கிற, வருட வரவு 20 இலட்சம் யூரோவைத் தாண்டாத சிறு கடைகளும் சேரலாம். பலசரக்குக் கடை வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேணும்.

குறைகளும் உண்டு. வருடக்கணக்கில் இழுபடும். தோற்றால் செலவு உங்கள் தலையில் விழாது, ஆனால் அந்தத் தீர்ப்பு உங்களையும் கட்டும். பதிந்திருக்கும்வரை அதே விசயத்துக்குத் தனி வழக்குப் போட முடியாது. ஆகவே இழப்பு ஆயிரக்கணக்கில் என்றால், சட்டச் செலவுக் காப்புறுதியும் இருந்தால், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். சில வழக்குகள் உரிமை உண்டா என்பதை மட்டும் தீர்மானிக்கும். பேஸ்புக் தரவுக் கசிவு தொடர்பாக மெட்டா மீது ஹம்பூர்க்கில் போடப்பட்டது அந்த வகை. வென்றாலும் காசை நீங்கள்தான் பிறகு கேட்க வேண்டும். வருகிற காசில் பங்கு கேட்கும் தனியார் நிறுவனங்களை இந்த இலவசப் பதிவோடு குழப்ப வேண்டாம்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பத்து வயதிலேயே அம்மா அப்பாவுக்கு வந்த கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் நீங்கள். இணையத்தில் அந்தப் படிவத்தை நிரப்புவது உங்களுக்குக் கால் மணித்தியால வேலை. வீட்டு இணையம், வங்கிக் கணக்கு, மின்சாரம் மூன்றின் ஒப்பந்தங்களையும் எடுத்து, ஒப்பந்த இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு, பதிவேட்டில் அந்தந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விளங்காவிட்டால் ஹனோவரிலேயே நீடர்சக்சன் நுகர்வோர் ஆலோசனை நிலையம் இருக்கிறது.

மாதம் 5 யூரோவை விட்டுக்கொடுப்பதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். எதிர்ப்பக்கத்தில் அதை இலாபம் என்று எழுதிக்கொள்கிறார்கள். நன்றியுள்ள குடியேறியாக இருப்பதற்கு, எங்களிடம் பிழையாக எடுத்த காசை விட்டுவிட வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.